தேன்கூட்டுப் பலகைத் தரையுள்ள ஸ்போர்ட்ஸ் கார்: பல குளிர்காலங்கள் ஓட்டிய பிறகு

அலுமினியத் தேன்கூட்டுப் பலகையை முதன்முறை கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் எல்லோரும் அதன் எடையைப் பற்றித்தான் பேசுவார்கள். பல ஆண்டுகளாக அதன்மேல் உட்கார்ந்து கார் ஓட்டிவரும் நான் பேச விரும்புவது அதன் ஓரங்களைப் பற்றி. பலகை தானாகப் பழுதாகி எனக்குச் சிக்கல் வந்ததே இல்லை. வந்ததெல்லாம் யாரோ வெட்டிய விளிம்பிலும், துளை போட்ட இடத்திலும், தாங்கு கொடுத்த இடத்திலும்தான்.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். என் கார் லோட்டஸ் செவன் வகையைச் சேர்ந்தது. 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த அந்த எளிய வடிவத்தை ஒட்டி, வீட்டு கராஜிலேயே கார் கட்டி, ஐ.வி.ஏ. என்ற தனி வாகனச் சோதனையில் தேறி, சாலைக்குக் கொண்டுவரும் பழக்கம் இங்கே வேரூன்றியது. சதுர எஃகுக் குழாய்களை வெல்ட் செய்த சட்டகம், ஃபோர்டு ஸீடெக் எஞ்சின், கூரை கிடையாது. பாதி கட்டிய நிலையில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். ஓட்டுநர் பக்கத் தரையை அவர் ஏற்கெனவே ஒட்டி முடித்திருந்தார். பயணி பக்கத் தரை, கால்வைக்கும் பகுதியின் பக்கச் சுவர்கள், இருக்கைக்குப் பின்னாலுள்ள தடுப்பு ஆகியவை என் வேலை. இரு பக்கமும் ஒரே வகைப் பலகை: 10 மி.மீ. தடிமன், மேலும் கீழும் 0.5 மி.மீ. அலுமினியத் தகடு, நடுவில் மெல்லிய அலுமினியத் தாளால் ஆன அறுகோண அறைகள்; இந்த அறைகளின் அடுக்கைத்தான் நடுக்கரு என்கிறேன். ஆக ஒரே காரில், ஒரே சாலையில், ஒரே மழையில், இரண்டு கைகளின் வேலையை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலில் எடைக் கணக்கு. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தப் பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ வரும். செவன் வகைக் கார்களில் வழக்கமாக அடிக்கும் 1.2 மி.மீ. அலுமினியத் தகடோ 3.2 கிலோதான். ஏற்கெனவே குழாய்ப் பின்னல் முழுதாக இருக்கும் சட்டகத்தில் தகட்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் காரின் எடை கூடும், குறையாது. பலகையின் பலம் விறைப்பில் இருக்கிறது. இரண்டு தகடுகளும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்பதால், வளையும்போது ஒன்று இழுபடுகிறது, மற்றொன்று அழுந்துகிறது. நடுவிலுள்ள அறைகள் அந்த இடைவெளி குலையாமல் பிடித்துக்கொள்கின்றன. நடுக்கருவின் நெளிவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், இதே விறைப்பைத் திட அலுமினியத்தில் பெற ஏறக்குறைய 6.5 மி.மீ. தடிமன் வேண்டும். அதன் எடை சதுர மீட்டருக்குப் பதினேழு கிலோவைத் தாண்டும். எனவே தரைக்குக் கீழே ஓடும் குறுக்குக் குழாய்களில் எவற்றை எடுத்துவிடலாம் என்று வடிவமைக்கும்போதே முடிவு செய்தவருக்குத்தான் இந்தப் பலகை எடையைக் குறைத்துக் கொடுக்கும். என் சட்டகம் அப்படி வடிவமைத்தது. கரடுமுரடான கிராமச் சாலையில் வேகமாக வளையும்போது அந்த விறைப்பு இருக்கையிலேயே தெரிகிறது. முன் சக்கரம் குழியில் இறங்கினால் டேஷ்போர்டு நடுங்குவதில்லை. அதிர்ச்சியைச் சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்கிறது.

இனி ஓரங்கள். இங்கே குளிர்காலத்தில் சாலையெங்கும் பாறை உப்பைத் தூவுவார்கள். நான் ஒட்டிய பயணி பக்கத்துப் பலகைகளில் விளிம்போரமாக நடுக்கருவைச் சில மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, எபாக்ஸியில் நுண்கண்ணாடிக் குமிழ்களைக் கலந்து அடைத்து, அதன்பிறகே சட்டகத்தில் ஒட்டினேன். முந்தையவர் விளிம்பைத் திறந்தே விட்டு, மேலே சீலன்ட் மட்டும் பூசியிருந்தார். மூன்றாவது குளிர்காலம் முடிந்து காரை உயர்த்திப் பார்த்தபோது, ஓட்டுநர் பக்கத்தின் பின் மூலையில் சீலன்ட் உரிந்து, உள்ளிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அலுமினியம் உப்புநீரில் அரித்த பொடி. அறைகளின் தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது; அரிப்பு அங்கே போய்விட்டால் தின்ன அதிக நேரம் தேவையில்லை. போதாக்குறைக்கு, உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்து தகட்டை ஒட்டிலிருந்து தள்ளிவிடும். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு நாணயத்தை எடுத்துத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டு நன்றாக உள்ள இடத்தில் கணீரென்று ஒலிக்கிறது. விட்டுப்போன இடத்தில் சத்தம் மங்கி அமுங்குகிறது. அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கியது. பயணி பக்கம் இன்றுவரை முழுவதும் ஒரே ஒலி. ஆண்டுக்கு ஒருமுறை இப்படித் தட்டிப் பார்ப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது.

துளைகளும் அப்படியே. பலகையில் நேராகத் துளையிட்டு போல்ட்டை முறுக்கினால், வாஷருக்குக் கீழே அறைகள் மெல்ல நசுங்கும்; நசுங்க நசுங்க போல்ட் தளரும். ஓட்டுநர் இருக்கையின் போல்ட்டுகளை எத்தனை முறை இறுக்கினாலும் மறுபடி தளர்ந்துகொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம். பயணி பக்கத்தில் ஒவ்வொரு துளையிலும் பலகையின் தடிமனுக்கே வெட்டிய அலுமினியக் குழல் இருக்கிறது. சுற்றிலும் எபாக்ஸி நிரப்பியிருப்பதால் முறுக்குவிசை குழலுக்குப் போகிறது, அறைகளுக்குப் போவதில்லை. பாப் ரிவெட்டோ, ரிவெட்போலப் பதியும் மரையுள்ள ரிவ்நட்டோ போடுவதென்றாலும் இதே ஏற்பாடு வேண்டும். சீட் பெல்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் பலகையில் மாட்டாதீர்கள். அது எஃகுச் சட்டகத்துக்கே போக வேண்டும்.

ஒட்டும் வேலையில்தான் பொறுமை தேவை. தகட்டை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துடைத்து, உடனே ஒட்ட வேண்டும். அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிக்கொண்டிருக்கும். நான் பயன்படுத்தியது இரண்டு பாக எபாக்ஸி, அரால்டைட் 420. பலகையை இழுத்தாலும் நெருக்கினாலும் இந்த ஒட்டு அசையாது. ஒரு மூலையிலிருந்து உரித்தால் மட்டும் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஒட்டு வரிசையின் இரு முனையிலும் ஒரு ரிவெட் வைத்தேன். அது பாரம் தாங்க அல்ல, உரிதல் தொடங்காமல் தடுக்க.

இந்த உலோக ஒட்டுக்கலைக்கு இங்கேயே, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில், டக்ஸ்ஃபர்டில் ஒரு பிறப்பிடம் உண்டு. நார்மன் டி புருய்ன் 1934இல் அங்கே தொடங்கிய ஏரோ ரிசர்ச் நிறுவனத்தில்தான் விமான உலோகத் தகடுகளை ஒட்டும் ரெடக்ஸ் பசை 1941இல் உருவானது. அங்கிருந்து ரேஸ் காருக்கு வந்த பாதை வலியில்லாதது அல்ல. ஃபோர்டின் ஜே-கார் என்ற பந்தயக் கார் அலுமினியத் தேன்கூட்டுப் பலகைகளை ஒட்டியே கட்டியது. 1966 ஆகஸ்டில் அமெரிக்காவின் ரிவர்சைடு பந்தயத் தடத்தில் அதைச் சோதனை ஓட்டம் ஓட்டிய கென் மைல்ஸ் விபத்தில் இறந்தார், கார் சிதறிப்போனது. அதன்பிறகு உள்ளே எஃகுக் கூண்டு சேர்த்தார்கள். அதே வழியில் வந்த மார்க் 4 கார் 1967இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டான் கர்னி, ஏ.ஜே. ஃபாய்ட் கையில் வென்றது. அதே பந்தயத்தில் இன்னொரு மார்க் 4ஐ ஓட்டி விபத்துக்குள்ளான மரியோ ஆண்ட்ரெட்டி உயிரோடு வெளியே வந்தார். நான் எஃகுச் சட்டகத்தை விடாமல், பலகையை அதற்குத் துணையாக மட்டும் வைத்திருப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

அன்றாட வாழ்வில் பெரிய தொல்லை ஜாக். டயர் மாற்றப் போன இடத்தில், எவ்வளவு சொல்லியும், சட்டகத்தை விட்டுவிட்டுத் தரைப்பலகைக்கு அடியில் ட்ராலி ஜாக்கை வைத்துத் தூக்கிவிட்டார்கள். கீழ்த்தகடு தட்டளவுக்குக் குழிந்தது. சாதாரணத் தகடென்றால் தட்டி நிமிர்த்தலாம். இங்கே குழிக்கு மேலே அறைகளும் நசுங்கிக் கிடக்கின்றன. தகட்டை மட்டும் நிமிர்த்திப் பயனில்லை. பழுதான வட்டத்தைத் தகட்டோடு வெட்டி எடுத்து, நசுங்கிய நடுக்கருவைச் சுரண்டி, புதுத் துண்டை எபாக்ஸி வைத்துப் பதித்து, மேலே அகலமான ஒட்டுத்தகடு போட்டேன். ஒரு வார இறுதி முழுக்கப் போனது. நாணயம் இப்போது அங்கே கணீர் என்கிறது. அதன்பின் நான்கு மூலைகளிலும் ஜாக் வைக்கும் இடத்தைச் சிவப்பு வண்ணத்தால் குறித்துவிட்டேன்.

சத்தம் அதிகம். சின்னக் கல் தெறித்தாலும் பலகை முரசுபோல ஒலிக்கிறது. நீண்ட பயணத்துக்குக் காதடைப்பு வைத்துக்கொள்கிறேன். வெப்பத்தைத் தடுக்கும் என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம், அலுமினிய நடுக்கரு வெப்பத்தைக் கடத்தத்தான் செய்யும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பல, 80 டிகிரியைத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். சைலன்சர் குழாய்க்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓட இடமும் ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் அவசியம்.

டேஷ்போர்டுக்கு மட்டும் கார்பன் ஃபைபர் மேல்தகடும் நோமெக்ஸ் நடுக்கருவும் எடுத்தேன். நோமெக்ஸ் என்பது பிசின் ஊறிய அராமிட் தாள், உப்புநீருக்கு அரிக்காது. கார்பனை அலுமினிய நடுக்கருவோடு நேராக ஒட்டினால், ஈரம் பட்டதும் மின்வேதி அரிப்பில் அலுமினியம் போய்விடும். நடுவே ஒரு கண்ணாடி இழை அடுக்காவது வேண்டும்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் கல்லூரி அணிகளில் சிலர் பலகையால் ஆன சட்டகத்தை யோசிக்கக்கூடும். இத்தகைய மாணவர் போட்டிகளுக்கான ஃபார்முலா ஸ்டூடண்ட் விதிகள் மாதிரிப் பலகையை வளைத்தும், 25 மி.மீ. உருளையால் குத்தியும் சோதித்துக் காட்டச் சொல்கின்றன. அந்தச் சோதனையோடு நிறுத்தாமல், உங்கள் கையால் குழல் பதித்த ஒரு துளையையும், நீங்களே அடைத்த ஒரு விளிம்பையும் இழுத்து உடைத்துப் பாருங்கள். விளிம்படைத்த துண்டு ஒன்றைச் சில வாரம் உப்புநீரில் போட்டு, பிறகு வெட்டி உள்ளே பாருங்கள். பலகை விற்பவரிடம் நடுக்கருத் தாள் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; அந்தத் திசையில் நெளிவு விறைப்பு மற்றத் திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கில் வைக்க வேண்டியதை அகலவாக்கில் வெட்டிவிட்டால், ஒட்டிய பிறகு வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டுநர் பக்கத் தரையை இந்தக் குளிர்காலத்தில் கழற்றப்போகிறேன். புதிதாகப் போடப்போவதும் இதே 10 மி.மீ. பலகைதான். கீழ்த்தகடு மட்டும் 0.5 மி.மீ.க்குப் பதிலாக 0.7 மி.மீ.; கூடுதலாக வருவது சதுர மீட்டருக்கு அரைக் கிலோ. கல்லடிக்கும் ஜாக்குக்கும் அந்த அரைக் கிலோவை மனமாரக் கொடுக்கலாம்.