பழைய ஃபோர் வீல் டிரைவ்: ஓட்டினால் நல்லது, நிறுத்தி வைத்தால் செலவு

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இன்ஜின் எப்படி, மைலேஜ் எவ்வளவு என்றுதான். அப்படி ஒரு வண்டியைச் சில வருடங்களாக வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே பெரிய தலைவலி இல்லை. பழைய டீசல் இன்ஜின் எந்த மெக்கானிக்குக்கும் பழகிய விஷயம். மைலேஜ் குறைவு என்பது வாங்கும்போதே தெரியும். நேரத்தையும் பணத்தையும் விழுங்குவது கியர் லீவருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தச் சின்ன லீவரும், அதற்குக் கீழே தொங்கும் உறுப்புகளும்தான். வேடிக்கை என்னவென்றால், அவை உழைத்துத் தேய்ந்ததைவிட சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம்.

என் வண்டி 1990-களின் ஆரம்பத்தில் வந்தது. ஏணி போன்ற சேசிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், பட்டை ஸ்பிரிங், டர்போ இல்லாத டீசல், மெக்கானிக்கல் பம்ப். கம்ப்யூட்டர் என்று ஒன்றும் கிடையாது. பார்ட் டைம் ஃபோர் வீல். அதாவது சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். லீவரைப் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ், அதாவது இழுவையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, முன் ஆக்சிலையும் சேர்த்துக்கொள்ளும். முன் சக்கரங்களில் கையால் திருப்பும் ஹப். ஃப்ரீயில் வைத்தால் சக்கரம் மட்டும் சுற்றும், லாக்கில் வைத்தால் ஆக்சிலோடு பிணையும். மழையில் இறங்கி, சேற்றுக்குள் கைவிட்டு ஹப்பைத் திருப்புவது எரிச்சலான வேலைதான். ஆனாலும் வயதான ஆட்டோமேட்டிக் ஹப்பைவிட இதுதான் மேல் என்பது என் கட்சி. லாக் ஆகிவிட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதைவிட இந்த வண்டியில் பெரிய வசதி லோ ரேஞ்ச். லீவரில் அதற்கான ஃபோர் எல் நிலையைப் பலர் கடைசிவரை தொடுவதே இல்லை. இந்த வகை வண்டிகளில் அது வேகத்தை ஏறக்குறைய இரண்டிலிருந்து இரண்டே முக்கால் மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவுக்குக் கூட்டும். முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி நடை வேகத்தில் நகரும். கரடுமுரடான ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்துக் கருக்க வேண்டிய தேவையே வராது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். ஈரக் களிமண் இறக்கம் ஒன்று. பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும், ஏபிஎஸ் எல்லாம் இதில் கிடையாது. மேலேயே நிறுத்தி, நியூட்ரலில் லீவரை ஃபோர் எல்லுக்குத் தள்ளி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டுவிட்டுக் காலை இரண்டு பெடலிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இன்ஜின் லேசாக முனகும். நான்கு சக்கரமும் ஒரே தாளத்தில் உருளும். கையில் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வண்டி தானே இறங்கிவிடும். கால் பெடலைத் தேடும், அதை அடக்குவதுதான் சிரமம்.

சரி, இதே லீவர் தார் ரோட்டில் எதிரி. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் போகின்றன. பார்ட் டைம் வண்டியில் இரண்டு ஆக்சிலும் நேராகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல் சக்கரத் தொகுதி, கிடையாது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் வழுக்க இடமில்லாமல் முறுக்கம் ஷாஃப்டுகளிலும் பல் சக்கரங்களிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தயங்கும், லீவரோ வெளியே வராது. அப்போது லீவரோடு மல்லுக்கட்டக் கூடாது. நேராக ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனால் முறுக்கம் தளர்ந்து தானாக விழும். நடு டிஃபரன்ஷியல் உள்ள ஃபுல் டைம் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அங்கே எப்போதும் எல்லாமே சுற்றிக்கொண்டிருக்கும், தேய்மானமும் அதற்கேற்ப.

டயர் விஷயத்தில் இரண்டு வகைக்கும் சட்டம் ஒன்றுதான். நான்கும் ஒரே அளவு, முடிந்தால் ஒரே மாதிரி தேய்ந்தவையாக இருக்க வேண்டும். இரண்டு புது டயர், இரண்டு தேய்ந்த டயர் என்று ஒப்பேற்றினால், பார்ட் டைம் வண்டியில் ஃபோர் வீல் போட்டதும் நேரான ரோட்டிலேயே அந்த முறுக்கம் ஆரம்பித்துவிடும். ஒரு டயர் கிழிந்தால் நான்கு டயரின் கணக்கு. இதை யாரும் வாங்கும்போது சொல்வதில்லை.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம். ஹப் ஃப்ரீயில் இருக்கும்போது முன் டிஃபரன்ஷியல், முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சிலின் உள் ஷாஃப்டுகள் எதுவும் சுற்றாது. சுற்றாவிட்டால் ஆயில் மேலே ஏறாது. மேல்பக்கத்துப் பற்களும் பேரிங்குகளும் காய்ந்து கிடக்கும், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதடு ஒரே இடத்தில் ஒட்டி இறுகும், உள்ளே படியும் ஈரம் துருவாகும். டொயோட்டா தன் பழைய கையேடுகளில் மாதத்துக்குக் குறைந்தது 16 கி.மீ. ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது, காரணம் இதுதான். செய்யும் இடம் மட்டும் மண் ரோடாக இருக்கட்டும். மண் ரோடு கிடைக்காதவர்கள் ஹப்பை மட்டும் லாக் செய்து, லீவரைப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹெச் நிலையிலேயே வைத்துத் தார் ரோட்டில் ஓட்டலாம். சக்கரமே முன் ஆக்சிலைச் சுற்றிவிடும், முறுக்கமும் ஏறாது. கொஞ்சம் டீசல் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் 'ஃபோர் வீல் போட்டதே இல்லை, புதுசு மாதிரி' என்ற விற்பனைப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. போடாத ஃபோர் வீல் பெரும்பாலும் வேலை செய்யாத ஃபோர் வீல். லீவர் முறையாகப் போட்டு எடுக்கப்பட்டு, ஆயில் நேரத்துக்கு மாற்றப்பட்டு, கொஞ்சம் கீறலோடு வரும் வண்டியை நான் தேர்ந்தெடுப்பேன். பளபளப்பாக ஷெட்டில் தூங்கிய வண்டிதான் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு சீலாக ஒழுக ஆரம்பிக்கும்.

ஆயிலைப் பார்த்தே ஒரு வண்டியின் கதையைப் படித்துவிடலாம். முன் டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டில் காந்தம் இருக்கும். கழற்றினால் நுனியில் சாம்பல் நிற மசி ஒட்டியிருப்பது சாதாரணம், விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மைபோல் வழவழக்க வேண்டும். நெருடினால் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் துண்டு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அது எப்படிப் புகும் என்றால், ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகவும், பிரீதரே தண்ணீருக்குள் இருந்தால் அதன் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதருக்கு ஒரு நீளமான ரப்பர் குழாய் போட்டு, இன்ஜின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டுவதுதான் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மலிவான, உருப்படியான மாற்றம். கூரைமேல் விளக்கு வரிசையெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆயில் என்றதும் இன்னொன்று. டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தர கியர் ஆயில். கியர் பாக்ஸில், கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 தான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் ஜிஎல்-5-இல் உள்ள சில ரசாயனங்கள் பித்தளையை அரிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ரோட்டில் இந்த வண்டி எப்படி? சொல்வதற்கு அதிகம் இல்லை. ஸ்டியரிங்கில் நடுவில் கொஞ்சம் வெற்றாட்டம், வளைவில் சாய்வு, வேகம் கூடினால் காற்றுச் சத்தம். மணிக்கு 80 கி.மீ. வரை சந்தோஷம், அதற்கு மேல் பேச்சு நின்றுவிடும். குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தால் வீல் பேலன்ஸோடு நிறுத்திவிடாமல் டை ராடு எண்ட், கிங்பின் பேரிங், புஷ் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது கீழேயிருந்து 'டக்' என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட். மூடியைச் சுற்றிச் செந்நிறத் தூள் தெரிந்தால் கிரீஸ் போய் நாளாயிற்று என்று அர்த்தம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்னாலிருந்து டிக் டிக் என்று வந்தால் ஆக்சில் முனையின் சிவி ஜாயின்ட். வாங்கும் முன் மண் தரையில் ஃபோர் வீலைப் போட்டு, இரண்டு பக்கமும் ஒடித்து வட்டமடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ஃபோர் வீல் இருந்தால் எங்கும் மாட்டாது என்று நினைப்பது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் முன்னால் ஒரு சக்கரமும் எதிர்மூலையில் பின்னால் ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்தால் கதை முடிந்தது. அவை இரண்டும் சும்மா சுழலும், தரையில் இருக்கும் மற்ற இரண்டும் நகராது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும் வகை என்றால், அதை லேசாக இழுத்துப் பிடித்து மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் சுழலும் சக்கரத்துக்குத் தடை கிடைத்து அடுத்ததற்கும் கொஞ்சம் இழுவை போகும். சில நேரம் வேலை செய்யும். மணலில் இதைவிட டயர் காற்றைப் பாதியாகக் குறைப்பது நன்றாக உதவும், திரும்ப அடிக்க பம்ப் கையில் இருந்தால். அப்புறம், ஃபோர் வீல் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. வழுக்கும் ரோட்டில் இந்த வண்டி மற்ற வண்டிகளைவிட வேகமாகக் கிளம்பிவிடும், நிற்பதென்னவோ அதேபோல்தான், இந்த எடைக்குச் சில சமயம் இன்னும் மோசமாக. தண்ணீரில் இறங்கி ஏறியதும் டிரம் பிரேக் நனைந்திருக்கும். கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டி உலர்த்தாமல் வேகமெடுக்கக் கூடாது.

பாதுகாப்பில் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏர்பேக் இல்லை, மோதலில் நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி இல்லை, உயரம் அதிகம் என்பதால் கவிழும் வாய்ப்பும் அதிகம். கனமான இரும்பு என்பது உள்ளே இருப்பவருக்குக் காப்பு என்று நம்புகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. குழந்தைகளோடு தினமும் போகும் ஒரே வண்டியாக இதை வைத்துக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான். பல நகரங்களில் பழைய டீசல் வண்டி உள்ளே வரவே தடை இருக்கிறது, அதையும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துருதான் உண்மையான வயது. கிலோமீட்டர் மீட்டரை நம்பாமல், கீழே படுத்து சேசிஸைப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடம், ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், பாடியைத் தாங்கும் மவுண்டுகள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகச் சொல்லும். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்த சேசிஸ் என்றால் இரட்டிப்பாகத் தட்ட வேண்டும். இன்ஜினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், சட்டம் போனால் வண்டியே போயிற்று.

உதிரி பாகம் கிடைப்பது எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. நீண்ட காலம் தயாரிக்கப்பட்ட மாடல் என்றால் கவலையில்லை. லேண்ட் க்ரூசர் 70 வரிசை 1984-இல் வந்தது, இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் வந்து நின்றுபோன வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதில் இன்ஜின் பாகம் எப்படியாவது கிடைத்துவிடும், டிரான்ஸ்பர் கேஸின் ஒரு ஃபோர்க்குக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இப்போது என் வண்டியில் டிரான்ஸ்பர் கேஸின் முன் பக்கச் சீலில் மெல்லிய கசிவு இருக்கிறது. கியர் பாக்ஸோடு சேர்ந்து இருக்கும் உட்பக்கச் சீலாக இருந்தால் எல்லாவற்றையும் இறக்க வேண்டும்; இது வெளிப்பக்கம், ஷாஃப்டைக் கழற்றினால் கைக்கு எட்டிவிடும். கிளட்ச் பிளேட்டும் இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும் என்பதால், அதற்கு இறக்கும்போது இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறேன். அதுவரை அவ்வப்போது அளவுத் துளையைத் திறந்து, விரலை விட்டு ஆயில் தொடுகிறதா என்று பார்த்து, குறைந்தால் ஊற்றி ஓட்டுகிறேன்.