தீக்கல் துவக்கு வாங்கலாமா?

முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானுக்கு லீவில் வந்தால், கனடாவில் நான் வாங்கிய தீக்கல் துவக்கை, அதாவது கல் உரசும் பொறியில் வெடிக்கும் பழைய வகைத் துவக்கைப் பற்றித்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள். இத்தாலியில் செய்தது, .50 குழல், அதாவது உள்விட்டம் அரை அங்குலம். மரவேலை அருமை. கூட வந்த கல்தான் மோசம். வேறு கல் வாங்கித் தோலில் சுற்றி இறுக்கிய பிறகே ஒழுங்காகப் பொறி பறந்தது.

விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசி, குழலின் பக்கத்துச் சின்னக் கிண்ணியில் உள்ள வெடிமருந்து புஸ்ஸென்று பற்றும். அப்புறம்தான் குழல் வெடிக்கும். அதுவரை தோள் அசையக் கூடாது. அப்பாவின் தோட்டா போடும் பன்னிரண்டு போர் (12-bore) துவக்குக்கு இவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை எதிர்த்த வெள்ளைக்காரர் சுட்டதும் இதே பொறிமுறையில்தான் என்று நினைக்க, எனக்கு மயிர்க்கூச்செறியும்.

மழைக்கு இது சரிவராது. கரிமருந்துக் கசடு இரும்பை அரிக்கும். சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீரில் குழலைக் கழுவி எண்ணெய் போடுங்கள். பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.