பெரிய இன்ஜினியரிங் கம்பெனி இன்டர்வியூ: உள்ளே நாலு ஸ்டார், வெளியே ஒன்று

கம்பெனி பெயரை இங்கே போடப் போவதில்லை, கேட்காதீர்கள். பாலம், துறைமுகம், மின் நிலையம் என்று நாடு முழுக்கக் கட்டுகிற பெரிய இன்ஜினியரிங் கம்பெனி, அது போதும். பயிற்சி இன்ஜினியர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று எங்கள் கடற்கரைப் பக்கமிருந்து சிவில், மெக்கானிக்கல் முடித்த ஒரு கூட்டமே போய்விட்டு வந்தோம். வந்தபின் ஒருத்தன் "அருமையான இன்டர்வியூ மாப்ள" என்கிறான், இன்னொருத்தன் "அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே" என்கிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பேனலில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்கள் ஒரு ரகம், நம்மைக் கூப்பிட்டு, காக்க வைத்து, பிறகு மறந்தே போகிற ஆபீஸ் வேறு ரகம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மார்க் போட்டால் அநியாயம், அதனால் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வு. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சதவீதம், நேரமும் வேலையும், எண் தொடர், கொஞ்சம் ஆங்கில இலக்கணம், அப்புறம் அவரவர் பாடத்திலிருந்து. நான் முதல்வன் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இருக்காது. நீரோட்டத்தோடு போகிற படகு, எதிர்த்து வருகிற படகு கணக்கும் வந்தது. பாம்பன் பசங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான், கணக்கில் வருகிற தண்ணீரில் காற்றும் அடிப்பதில்லை, டீசலும் தீர்வதில்லை. கஷ்டம் கேள்வியில் இல்லை, கரண்டில்தான். கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நெட் போய்விட்டால் திரும்ப உள்ளே விடுவது அவர்கள் மனசைப் பொறுத்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிற நாளிலேயே எங்கள் பக்கத்தில் சிலருக்குத் தேர்வு விழுந்தது, தேதியை மாற்றிக் கேட்டு மெயில் போட்டதற்குப் பதிலே இல்லை. ராமநாதபுரம் போய் பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து உட்கார்ந்து எழுதினார்கள். மின்தடை அறிவிப்பு பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடும், தேர்வுத் தேதி வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடி இன்டர்வியூ மதுரையில். ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் சொச்சம். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று ஒவ்வொரு ஸ்டாண்டாக நின்று நின்று மாட்டுத்தாவணி போய்ச் சேர வேண்டும். மெயிலில் எல்லோருக்கும் ஒரே நேரம், காலை ஒன்பது மணி. காலை ஒன்பதுக்கு அங்கே நிற்க வேண்டுமானால் இருட்டிலேயே பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் முதல் நாளே போய் லாட்ஜ் எடுக்க வேண்டும். போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஹாலில் உட்கார வைத்துவிடுகிறார்கள். எனக்குக் கூப்பிட்டபோது மூன்றரை மணி தாண்டிவிட்டது. நடுவில் சாப்பிட வெளியே போகலாமா என்று கேட்டால், "போங்க, ஆனா பேர் கூப்பிட்டா நாங்க பொறுப்பில்ல" என்கிறார் அந்த டேபிளில் இருந்த பையன். அவனும் எங்கள் வயதுதான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பெயர் பட்டியலைப் பார்த்து, இருபது பேர் காலை, இருபது பேர் மதியம் என்று பிரித்து மெயில் போட எத்தனை நேரம் ஆகும்? துறைமுகம் கட்டுவதற்கு நாள் வாரியாக அட்டவணை போடுகிற கம்பெனி இது.

தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்பாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில்தான், அதனால் அப்பாவுக்கு நேரம் இருந்தது, கையில் காசுதான் இல்லை. அந்த மனிதர் நாள் முழுக்க கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்தரை மணிக்கு வந்து "மெக்கானிக்கல் பேனல் கிளம்பிட்டாங்க, மிச்சப் பேருக்கு வேற தேதி சொல்றோம்" என்றார்கள். போக வர இரண்டு பேருக்கு பஸ் காசு, சாப்பாடு, எல்லாம் போச்சு. பயணப்படி எதுவும் கிடையாது, அது மெயிலிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, இப்போது நல்ல பக்கம். டெக்னிக்கல் பேனல் உண்மையிலேயே பிரமாதம். இரண்டு பேர், அதில் பெரியவர் சைட்டில் காய்ந்து கறுத்த ஆள் என்று பார்த்தாலே தெரியும். ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, இரண்டு முனையிலும் தாங்கி வைத்த பீம் வரையச் சொன்னார், முழு நீளத்துக்கும் சீரான பாரம், பெண்டிங் மொமென்ட் (பாரம் பீமை வளைக்கிற அளவு) படம் போடு என்றார். நடுவில் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு (டபிள்யூ மீட்டருக்கு உள்ள பாரம், எல் நீளம்), இது எல்லோருக்கும் தெரியும். உடனே ஒரு பக்கத் தாங்கியை அடித்துவிட்டு, "இப்ப இது சன்ஷேடு. நீ வர்றதுக்குள்ள மேஸ்திரி மெயின் கம்பியைக் கீழே கட்டிட்டான், கான்கிரீட் வண்டி வாசல்ல நிக்குது. என்ன செய்வே?" என்றார். ஒரு முனையை மட்டும் பிடித்து நிற்கிற கான்டிலீவரில் இழுவிசை மேல்பக்கம், கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும், வண்டி நின்றாலும் சரி, கம்பியைப் பிரித்து மாற்றிக் கட்டாமல் கான்கிரீட் போட விட மாட்டேன் என்றேன். "வண்டியைத் திருப்பி அனுப்பினா உன் மேனேஜர் திட்டுவாரே?" என்று விடாமல் பிடித்தார். படித்த பாடத்தைக் கேட்கிற மாதிரி ஆரம்பித்து, நாளைக்கு சைட்டில் நிற்கப் போகிறவனுக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ரெஸ்யூமைப் புரட்டியவர் ஊர்ப் பெயரில் நின்றார்.

"மண்டபமா? கடல் எவ்வளவு தூரம்?"

"வீட்டு மாடியில நின்னா தெரியும் சார்."

"அப்ப உங்க வீட்டுச் சீலிங்ல காரை பெயர்ந்து கம்பி தெரியணுமே."

தெரிகிறது. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெரியும். அங்கிருந்து கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் பற்றிய பேச்சு பிடித்துக்கொண்டது. உப்புக்காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கிறது, துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் உள்ளேயிருந்தே காரையை உடைத்துத் தள்ளுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கணக்குப்படி கடலோரச் சூழலில் இருக்கும் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டர் கவர், கடல் நீர் தெறிக்கிற இடத்துக்கு 50, அலை ஏறி இறங்குகிற மட்டத்தில் நிற்கும் தூணுக்கு 75. கான்கிரீட் தரமும் அப்படியே எம்30, எம்35, எம்40 என்று ஏறும். "முழுக்க முங்கி இருக்கிற பாகத்தைவிட ஏறி இறங்குற பாகத்துக்கு ஏன் அதிகம்?" என்று கேட்டார். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் உப்பு உள்ளே சேர்ந்துகொண்டே போகும், காற்றிலிருந்து ஆக்சிஜனும் கிடைக்கும், முங்கியே கிடக்கிற இடத்தில் ஆக்சிஜன் குறைவு. இதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், பழைய படகுத்துறைத் தூண்களில் எந்த உயரத்தில் கம்பி பல்லிளிக்கிறது என்று பார்த்து வளர்ந்தவனுக்குச் சொல்வது சுலபம்.

அடுத்தது தண்ணீர். "சைட்ல போர் தண்ணி உப்புக் கரிக்குது, நல்ல தண்ணி டேங்கர் வர நாளாகும். மேஸ்திரி கியூரிங்குக்கு இதுவே போதும்ங்கிறான். விடுவியா?" கியூரிங் என்றால் போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பது. ராமநாதபுரம் மாவட்டக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை பரவாயில்லை, கடல் நீர் கலவைக்கும் ஆகாது, கியூரிங்குக்கும் ஆகாது. சாதாரண சிமென்டான ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும், அத்தனை நாளுக்கும் தண்ணீருக்கு வழி பார்க்காமல் கான்கிரீட் போடவே கூடாது. டேங்கரில் வருகிற தண்ணீரையும் சோதிக்காமல் நம்ப மாட்டேன் என்று சேர்த்துச் சொன்னேன். பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

மெக்கானிக்கல் முடித்த பாம்பன் நண்பனுக்குப் பாலத்திலேயே கேள்வி. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வழி இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்தது, ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. அவ்வளவு எடையைத் தூக்க மோட்டார் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வியே கொக்கி. இரண்டு பக்கமும் எதிர் எடை தொங்குகிறது, மோட்டார் சமாளிக்க வேண்டியது உராய்வையும், நகர ஆரம்பிக்கும் சுமையையும், காற்றையும்தான். இவன் படகு மேடையில் நின்று அதை ஏறி இறங்கப் பார்த்தவன், சட்டென்று பிடித்துவிட்டான். பிறகு பெயின்ட், வெல்டிங், அரிப்பு என்று பேச்சு போயிருக்கிறது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) எங்கள் மண்டபத்திலேயே அரிப்பு ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, அதுவும் கை கொடுத்தது. இங்கே சிக்கியவர்கள் யாரென்றால், "டாப் நூறு கேள்வி பதில்" பிடிஎஃப்பை மனப்பாடம் செய்தவர்கள். பேனலில் வரையறையைக் கேட்கவே மாட்டார்கள், அடுத்த கேள்வியே "அப்ப இது மாறினா?" என்றுதான் வரும். நடுவில் ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்லயே சொல்லு தம்பி" என்கிறார்கள். நாலு ஸ்டார் தாராளமாகக் கொடுக்கலாம். மெக்கானிக்கல் பேனல் பாதியில் கிளம்பாமல் இருந்திருந்தால் ஐந்து.

ஹெச்.ஆர். ரவுண்டில் அந்தத் தமிழ் கிடையாது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்", "ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள்", இதெல்லாம் ஆங்கிலத்தில். எங்கே போட்டாலும் போவாயா என்று மூன்று விதமாகக் கேட்கிறார்கள், குஜராத், ஒடிசா என்று தூரத்து சைட்டாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். அது நியாயம், இந்த வேலையே சைட்டு சைட்டாகப் போகிற வேலை. கீழக்கரைப் பையன் ஒருவனிடம், வாப்பா துபாயில் இருக்கும்போது நீ மட்டும் இங்கே எத்தனை நாள் இருப்பாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர்) வீட்டுப் பிள்ளை என்றால் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான் என்று நினைப்பு. அதைவிட மோசம், பெண்களிடம் "கல்யாணம் எப்போது, அதன்பின் சைட்டுக்கு வீட்டில் விடுவார்களா" என்று கேட்டது. கூட வந்த ஆண்கள் ஒருத்தரிடமும் அதைக் கேட்கவில்லை, நான் எல்லோரிடமும் விசாரித்துவிட்டேன். சைட்டில் பெண்களுக்குத் தங்கும் இடம், கழிப்பறை எப்படி என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டதற்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில். பார்த்துக்கொள்வார்களாம்.

முடிவு எப்போது சொல்வீர்கள் என்று கேட்டால் "பத்து நாளில்" என்கிறார்கள். பத்து நாள் எப்போதோ போய்விட்டது. எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்று ஒரு வரி போடலாம், அடுத்த வேலையைப் பார்ப்போம். ஒன்றும் சொல்லாமல் விட்டால், ஒருத்தன் வேறு சின்ன கம்பெனியில் சேராமல் காத்துக்கொண்டிருக்கிறான், இன்னொருத்தன் சேர்ந்துவிட்டு மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறான். நான் இரண்டாவது ரகம். மெயில் ஐடிக்கு எழுதினால் தானாக வரும் நன்றிக் கடிதம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

தேர்வானவர்கள் லெட்டரைக் கையெழுத்துப் போடுமுன் நிதானமாகப் படியுங்கள். பயிற்சி இன்ஜினியர் என்பதும் 1961 அப்ரன்டிஸ் சட்டத்தில் வரும் அப்ரன்டிஸ் என்பதும் ஒன்றில்லை. அப்ரன்டிஸ் என்றால் வருவது உதவித்தொகை, பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் சட்டப்படி கம்பெனிக்குக் கிடையாது. போவது தப்பில்லை, தெரிந்து போங்கள். பாண்ட் இருந்தால் எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இன்டர்வியூ முடிந்த கையோடு எங்களில் சிலருக்கு "உங்க பேர் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு, டெபாசிட் கட்டினா மேலே வந்துடும்" என்று போன் வந்தது. பெயர், பிரிவு, இன்டர்வியூ தேதி எல்லாம் சரியாகச் சொல்கிறான். பட்டியல் அவன் கைக்கு எப்படிப் போனது என்று கம்பெனிதான் யோசிக்க வேண்டும். அந்தப் போன் வந்தால் காசு கட்டாதீர்கள், சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுங்கள், கம்பெனிக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்கள். இதற்காவது பதில் வருகிறதா பார்ப்போம்.