காத்து சீசனுக்கு முன்னாடி கூரை ஷீட் டைட் பண்ற சர்வீஸ் (ஊட்டி) – அஞ்சுக்கு நாலு

ஷீட் போட்ட வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் இது, கான்கிரீட் மாடி இருக்கறவங்க தாண்டிப் போயிடலாம். ஊட்டி மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை வச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட கூரை வேலைக்குன்னு தனியா ரெண்டு பசங்க இருக்காங்க, எமரால்டு மஞ்சூர் வரைக்கும் வர்றாங்க.

புது ஷீட் விக்கத்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன், இல்ல. பெரிய பையன் ஏணி போட்டு ஏறி நடு ஷீட்டை ஒரு பார்வை பாத்ததோட சரி, நேரா தாவாரத்துக்கும் முகட்டுக்கும் மூலைக்கும்தான் போனான். காத்து கூரைய அமுக்காதுண்ணா, மேல தூக்கும், அதுவும் ஓரத்துலதான் பிடிச்சுத் தூக்கும்னான். ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி என் கையில குடுத்தான், அடியில இருந்த ரப்பர் வாஷர் நகத்தால கீறுனதுக்கே கறுப்பா பொடிப்பொடியா உதிருது. வெயில்லயும் பனியிலயும் கெடந்து அப்படி ஆயிடுமாம், வாஷர் போனா தண்ணி எறங்கும், ஓட்டை துருப்பிடிச்சு பெருசாகும், அப்புறம் ஸ்க்ரூ இருந்தும் பிரயோஜனமில்ல, காத்துல ஷீட்டு அத விட்டு உருவிக்கிட்டுப் போயிடும்.

ஓரத்துல ஸ்க்ரூவ நெருக்கி அடிச்சாங்க, நடுவுல பழைய அளவுதான். சமையக்கட்டு சாய்ப்புல மரச்சட்டத்துல வெறும் ஆணிதான் இருந்துச்சு, அத எல்லாம் புடுங்கிட்டு ஸ்க்ரூ போட்டாங்க, சட்டத்தையே செவுத்தோட இரும்புப் பட்டை வச்சுக் கட்டினாங்க. சட்டம் ஆடுனா ஷீட்ட எவ்வளவு முறுக்கி என்ன புண்ணியம். நம்மூர்ல எல்லாரும் வக்கிற மாதிரி நானும் கூரை மேல கல்லும் பழைய டயரும் வச்சிருந்தேன், அத மொத்தமா எறக்கிட்டாங்க, ஷீட் எழும்புனா அந்தக் கல்லு உருண்டு யார் தலையில விழும்னு கேட்டான், பதில் சொல்ல முடியல.

காத்தடிக்கிறப்ப ஜன்னலத் தொறந்து வச்சா வீடு தாங்கும்னு எங்க மாமா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அது தப்பாம், உள்ள போற காத்தும் சேந்து கீழ இருந்து கூரையத் தள்ளுமாம், அதனால கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, சாய்ப்புப் பக்கம் இல்லாம உள் ரூம்ல இருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

குறைன்னு பாத்தா ரெண்டு. துளை போட்ட இரும்புத் தூளை ஷீட் மேலயே விட்டுட்டுப் போயிட்டாங்க, அது மழையில துருவாகி கலர் ஷீட்டுல காவிப் புள்ளி விழும், நானே ஏறி தொடப்பத்தால கூட்டித் தள்ளினேன். அப்புறம் பில்லு கெடையாது, துண்டுச் சீட்டுதான். கூலி நியாயம், புது ஷீட் வாங்கியிருந்தா ஆகியிருக்கற செலவுல கால்வாசி கூட வரல.

மரத்த இவங்க தொட மாட்டாங்க. வீட்டு மேல சாஞ்சிருக்கற கற்பூர மரத்தையோ (யூக்கலிப்டஸ்) சீகை மரத்தையோ (வாட்டில்) வெட்டணும்னா அனுமதி வாங்கணும், மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லயே வந்தது, அந்த மனுவ வெயில் காலத்துலயே குடுத்துடுங்க. காத்து நாள்ல மரத்தடியில வண்டி நிறுத்தாதீங்க, கம்பி அறுந்து கெடந்தா கிட்டப் போகாம கரண்ட் புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு அடிங்க, மரம் விழுந்தா மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077.

இந்த வருஷ காத்துல முகட்டுத் தகடு ஒரு எடத்துல லேசா தடதடத்துச்சு, ஷீட்டு ஒண்ணும் அசையல. போன் பண்ணேன், எடுக்கவே இல்ல, ஜூன் வந்துட்டா அவங்களப் பிடிக்கவே முடியாது, மார்ச் ஏப்ரல்ல சொல்லி வச்சாத்தான் உண்டு. நம்பர் வேணுங்கறவங்க இன்பாக்ஸ் வாங்க, கடைசி நேரத்துல கேட்டுட்டு ஆள் வரலைன்னு என்னத் திட்டாதீங்க.