கேணிக்கரை மாடி அறை சுபேதார்: ராணுவப் பென்ஷன் பேப்பர் பார்க்க இவரிடம் போகலாமா?

ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ராணுவத்தில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்ற ஒருவர் பென்ஷன் பேப்பர் பார்த்துக் கொடுக்கிறார். ஸ்பர்ஷ் (ராணுவப் பென்ஷனுக்கான அரசு இணையதளம்) லாகின் திறப்பது, உயிர்வாழ் சான்று போடுவது, குடும்ப ஓய்வூதியத்துக்குப் பெயர் சேர்ப்பது, இதெல்லாம்தான் அங்கே அன்றாட வேலை. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கமிருந்து வரும் பழைய ஜவான்களும் அவர்கள் வீட்டம்மாக்களும்தான் கூட்டம். நாங்கள் போன விஷயம் வேறு. என் அத்தை ராணுவ மருத்துவப் பிரிவில் டாக்டராக இருந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். தன் சர்வீஸ் வருடத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், சேரும்போது கொடுக்க வேண்டிய சீனியாரிட்டியும் கொடுக்கவில்லை என்று ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபீசர் கேஸெல்லாம் இந்த மாடியில் பார்ப்பார்களா என்ற சந்தேகத்தோடுதான் படியேறினோம். பார்த்தார், நன்றாகவே பார்த்தார். ஆனாலும் எல்லா வேலைக்கும் இவரிடமே போங்கள் என்று சொல்ல மாட்டேன், ஏன் என்று கீழே வருகிறது.

அத்தையின் காகிதமெல்லாம் உச்சிப்புளி வீட்டில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருந்தது. நம்ம ஊர்க் கடற்கரையில் பேப்பர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் குண்டூசி துருவேறித் தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். சுபேதார் இழுக்கவில்லை. பழைய சவர பிளேடு ஒன்றை எடுத்துத் தாளுக்கும் ஊசிக்கும் நடுவில் விட்டு மெதுவாகக் கிளப்பி, ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டார். அப்புறம் மரஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து பிபிஓவை, அதாவது பென்ஷன் எவ்வளவு என்று போட்டுக் கொடுக்கிற ஆணையை, படிக்க ஆரம்பித்தார். நடுவில் பேசினால் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறார், அது அத்தையாக இருந்தாலும். லெப்டினன்ட் கர்னலாக இருந்தவரை அப்படி நிறுத்தியதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

படித்து முடித்ததும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு நம்பர் எழுதினார். அத்தை 1985-ல் ஷார்ட் சர்வீஸில் (சில வருடங்களுக்கு மட்டும் எடுக்கிற ஆபீசர் பணி) சேர்ந்தபோது கொடுத்த பர்சனல் நம்பர் ஒன்று, அது எம்எஸ் என்று தொடங்குகிறது. 1990-ல் தேர்வாகி நிரந்தர கமிஷன் (ஓய்வு வயது வரை நீடிக்கிற ஆபீசர் பணி) கிடைத்ததும் அது மாறி எம்ஆர் என்று தொடங்கும் நம்பர் வந்திருக்கிறது. (ராணுவத்தின் பல பிரிவுகளில் பெண்களுக்கு நிரந்தர கமிஷன் கிடைக்க 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது, டாக்டர்களுக்கு அது முன்பே இருந்தது.) பிபிஓவில் இருப்பது எம்ஆர் நம்பர் மட்டும். பென்ஷனுக்கான சர்வீஸையும் 1990-லிருந்தே எண்ணி 21 வருடம் என்று போட்டிருக்கிறார்கள். உண்மையில் 1985 முதல் 2011 வரை 26 வருடம். எந்த மேஜையில் நடந்ததோ, பழைய நம்பரில் இருந்த ஐந்து வருடத்தைப் புதிய நம்பரோடு யாரும் சேர்க்கவில்லை. அத்தை இத்தனை வருடமாக இதைத் தன்மேல் யாருக்கோ இருந்த கோபம் என்று நினைத்திருந்தார். பத்து நிமிடத்தில் இது நம்பர் குழப்பம் என்று அந்த மனுஷன் சொன்னதற்கே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "மேடம், ஷார்ட் சர்வீஸ் முடிஞ்சப்ப கிராஜுவிட்டி கையில வாங்கினீங்களா?" வாங்கியிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டினால்தான் அந்த வருடங்கள் பென்ஷனுக்குச் சேரும். அத்தை வாங்கவில்லை, ஒரு நாள் கூட இடைவெளி இல்லாமல் ஷார்ட் சர்வீஸிலிருந்து நிரந்தரத்துக்கு மாறியவர். அதற்கு ஆதாரம் கேட்டார். அந்த 1990-ம் வருடச் சம்பளச் சீட்டுகள் பெட்டியில் இருந்தன, நல்லவேளை.

சரி, ஐந்து வருடம் குறைந்தது ஓய்வு பெற்றபோதே ஏன் தெரியவில்லை? எனக்கும் இது புரியவே இல்லை, அவர்தான் விளக்கினார். 2006-க்குப் பிறகு ஓய்வு பெற்ற ஆபீசருக்கு, 20 வருடம் தாண்டியிருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன், அதற்கு மேல் வருடம் கூடினாலும் குறைந்தாலும் தொகை மாறாது. கிராஜுவிட்டி வருடத்தைப் பொறுத்ததுதான், ஆறு மாதத்துக்குக் கால் மாதச் சம்பளம் என்ற கணக்கு. ஆனால் அப்போது உச்சவரம்பு 10 லட்சம். டாக்டர்களுக்கு என்பிஏ (தனியாக பிராக்டிஸ் செய்யாததற்குக் கொடுக்கிற படி), பஞ்சப்படி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அத்தை 21 வருடத்திலேயே அந்த வரம்பைத் தொட்டுவிட்டார். ஆக, தப்பு இருந்தது, நஷ்டம் இல்லை. நஷ்டம் ஆரம்பித்தது ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் திட்டம் வந்த பிறகு, அதாவது எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ரேங்க்குக்கும் ஒரே சர்வீஸுக்கும் ஒரே பென்ஷன். 2014 ஜூலை 1 முதல் அமல், 2016 பிப்ரவரியில் ராணுவப் பென்ஷன் கணக்கு அலுவலகத்தின் சர்க்குலர் 555 அட்டவணைகளோடு வந்தது. அந்த அட்டவணையில் ரேங்க்கும் பார்க்க வேண்டும், எத்தனை வருட சர்வீஸ் என்றும் பார்க்க வேண்டும், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் இருப்பதுதான் உங்கள் பென்ஷன். மருத்துவப் பிரிவு ஆபீசர்களுக்குத் தனி அட்டவணை. அத்தைக்கு 21 வருடக் கட்டத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தும்போது, 2019-லும் 2024-லும், அதே தப்பு அப்படியே மேலே ஏறியிருக்கிறது.

இதுவரை எல்லாம் இனிமை. அடுத்ததுதான் கசப்பு, அத்தைக்கு.

அத்தை எம்பிபிஎஸ் முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோவும் முடித்துவிட்டுத்தான் ராணுவத்தில் சேர்ந்தார். ஷார்ட் சர்வீஸில் டாக்டர்களைக் கேப்டனாக எடுப்பார்கள், மேல்படிப்போடு வருகிறவர்களுக்குச் சீனியாரிட்டிக்கு முன்தேதி போட்டுக் கொடுக்கிற வழக்கம் உண்டு, அதாவது சேர்ந்த நாளுக்கு முன்பே கேப்டனானது போல ஒரு தேதி. அத்தையின் டிப்ளமோ சான்றிதழ் கையில் வரத் தாமதமானதால் அந்தத் தேதி கொடுக்கப்படவில்லை, பிறகு கொடுக்கவும் இல்லை. அவரோடு சேர்ந்தவர்கள் முன்னால் மேஜர் ஆனார்கள். பணத்தை விட இதுதான் அத்தைக்கு உறுத்தல். ஐந்து வருட சர்வீஸைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுகிறவர், இந்தத் தேதியைப் பற்றி மதியச் சாப்பாடு ஆறும் வரை பேசுவார்.

சுபேதார் கேட்டுக்கொண்டு, "மேடம், இதில ரெண்டு கேஸ் இருக்கு. ஒண்ணு நடக்கும், ஒண்ணு நடக்காது. சேர்த்து எழுதினா நடக்குறதும் நடக்காது" என்றார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அசரவில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் தர்செம் சிங் வழக்கில் சொன்னதை எடுத்து விளக்கினார். பென்ஷன் குறைவாக வருவது மாதா மாதம் தொடர்கிற தவறு, அதைச் சரிசெய்தால் வேறு யாருக்கும் பாதிப்பு இல்லை, அதனால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம். சீனியாரிட்டி, பதவி உயர்வு அப்படி இல்லை. ஒருவரை மேலே ஏற்றினால் இன்னொருவர் கீழே இறங்க வேண்டும், அதனால் காலம் கடந்து வருகிற கோரிக்கையை ஏற்க மாட்டார்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கும் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் முப்பது நாற்பது வருடத்தை எப்படிப் பொறுப்பார்கள்?

அப்புறம் இன்னொன்றும் சொன்னார், இதை வேறு யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பென்ஷன் விஷயத்திலும் உடனே கேஸ் போடாதீர்கள், ஏனென்றால் வழக்கு என்று போனால் அதே தீர்ப்பின்படி பொதுவாக மனுப் போட்ட தேதிக்கு முந்தைய 3 வருட நிலுவைதான் கொடுப்பார்கள், முதலில் விண்ணப்பமாகக் கொடுங்கள், ரெக்கார்டைத் திருத்தியே பிபிஓ மாறினால் அதற்கு முந்தைய காலத்துக்கும் கேட்க இடமிருக்கிறது என்றார். எந்த வேலையைச் செய்யாமல் விட வேண்டும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர் நம்ம பக்கம் அபூர்வம். இவரிடம் வருவதற்கு முன் பார்த்த ஒரு ஆலோசகர், எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டுக் கேஸ் நடத்தலாம் என்று அட்வான்ஸ் கேட்டிருந்தார்.

அத்தை சும்மா விடவில்லை. சேது எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னையில் ஒரு வக்கீலையும் பார்த்துவிட்டு வந்தார். வக்கீலும் அதையேதான் சொன்னார், கட்டணம் மட்டும் பல மடங்கு.

அத்தையோடு படித்த ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், அவர் போனில் சொன்னது இது: அங்கே ஒவ்வொரு படைக்கும் ரெக்கார்ட் திருத்துவதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறதாம். மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நியாயம் இருந்தால் அந்தக் கெடுவையும் தளர்த்தலாம். டாக்டர்களுடைய படிப்பு வருடங்களை சர்வீஸ் போலக் கணக்கிட்டுத்தான் சேரும்போது என்ன ரேங்க் என்று முடிவு செய்வார்களாம், அந்தக் கணக்கு தப்பினாலும் அதே வாரியத்தில் கேட்கலாம். அத்தை அதைக் கேட்டதிலிருந்து ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இனி குறைகள். கடிதம் எழுதுவதற்கு மட்டும் இவரிடம் விடாதீர்கள், அல்லது விட்டால் வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இவரிடம் இருப்பது ஒரே ஒரு ஆங்கில மாதிரிக் கடிதம், ஜவான்களின் மனைவிமார்களுக்காக என்றோ அடித்து வைத்தது. அதில் பெயரையும் நம்பரையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். அத்தையின் கடிதத்தில் மூன்றாவது பத்தியில் "என் மறைந்த கணவர்" என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மாமா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எப்போ செத்தேன்னு தேதி போடலையே சாப்" என்றார். சுபேதார் சிரிக்கவில்லை, பேனாவால் அடித்துவிட்டு நீட்டினார். போதாததற்கு வரிக்கு வரி காலில் விழுகிற நடை. அத்தை சிவப்புப் பேனா எடுத்து, "நான் எதுக்கு மன்றாடணும், கணக்குதானே கேக்குறேன்" என்று முக்கால்வாசியை வெட்டிவிட்டார். கடைசியில் கடிதத்தை அத்தையே எழுதினார், ஒரு பக்கம், மூன்று தேதி, இரண்டு நம்பர், இணைப்புகள். சுபேதார் செய்தது இணைப்புகளை வரிசைப்படுத்தியது.

ரசீது கிடையாது. எங்களிடம் பேப்பர் பார்க்க 300 ரூபாய் வாங்கினார், கடிதத்துக்குத் தனியாக 1,000 ரூபாய் கேட்டார், எழுதியது அத்தைதான் என்று பேசி 500 ஆக்கினோம். மாடிப்படி குறுகல், கைப்பிடி இல்லை, முட்டி வலிக்காரர்களுக்குக் கஷ்டம். கேட்டால் கீழே ஜெராக்ஸ் கடைக்கு இறங்கி வந்து பார்ப்பார், ஆனால் கேட்டால்தான். போன் எடுக்கவே மாட்டார். பேச்சு நறுக்கென்று இருக்கும், ஜவானாக இருந்தாலும் கர்னலாக இருந்தாலும் ஒரே மாதிரி, அதை நல்லது என்று எடுத்துக்கொள்வதா கெட்டது என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

உயிர்வாழ் சான்று விஷயத்தில் மட்டும் ஆள் பொறுமைசாலி. நாங்கள் இருந்தபோது மண்டபத்திலிருந்து ஒரு ஆச்சி வந்திருந்தார். மீன் அரிந்து அரிந்து விரல் ரேகை தேய்ந்து கைரேகை மெஷின் எடுக்கவே இல்லை. இவர் சலித்துக்கொள்ளாமல் போனில் முகம் காட்டிப் பதிவு செய்கிற முறையில் போட்டார், ஜன்னல் வெளிச்சத்துக்கு நாற்காலியை நகர்த்தி, ஆச்சியைக் கண் சிமிட்டச் சொல்லி. அதற்குக் காசும் வாங்கவில்லை.

எங்கள் விஷயம் என்னவாயிற்று என்றால், விண்ணப்பம் போய் நீண்ட நாள் சத்தமே இல்லை, நடுவில் ஒருமுறை பழைய நம்பருக்கான அரசிதழ் நகல் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், அதையும் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். இப்போது ஸ்பர்ஷில் திருத்திய பிபிஓ ஏறிவிட்டது, 26 வருடம் என்று இருக்கிறது, மாதப் பென்ஷனும் கணிசமாகவே கூடிவிட்டது. நிலுவை முழுதும் வரவில்லை, வந்தது எந்தத் தேதியிலிருந்து என்று சுபேதாரிடம்தான் மறுபடி கணக்குப் பார்க்கக் கொடுத்திருக்கிறோம். சீனியாரிட்டித் தேதி அப்படியேதான் இருக்கிறது. அத்தை அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பியே தீருவேன் என்கிறார். நடக்காது என்று தெரிந்தும் ஏன் என்று கேட்டால், "நடக்காட்டி போகட்டும் மருமகனே, ஃபைல்ல இருக்கட்டும்" என்கிறார்.

போகிறவர்களுக்கு: உங்கள் சர்வீஸில் நம்பர் மாறியிருந்தால், ஷார்ட் சர்வீஸிலிருந்து நிரந்தரமானாலும் சரி, ஜவானாக இருந்து ஆபீசரானாலும் சரி, பழைய நம்பர் உள்ள எந்தக் காகிதமும் விடாமல் கொண்டு போங்கள், சாயம் போன சம்பளச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரிஜினலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள், கீழேயே நகல் எடுக்கலாம். நவம்பரில் போகாதீர்கள், உயிர்வாழ் சான்றுக்கு வரிசை படி வரை நிற்கும், உங்கள் பிபிஓவை நிதானமாகப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. காலை 10 மணிக்கு மேல் போனால் ஆள் இருப்பார், மதியம் இரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார், செவ்வாய்க்கிழமை லீவு.