மக்கர் செய்யும் கணினிக்குப் புது விண்டோஸ்: மேலேயே ஏற்றுவதா, துடைத்துப் போடுவதா, முதலில் சோதிப்பதா?

எங்கள் வீட்டு மேசைக் கணினி மூன்று மாதமாக ஒரே அடம். வேலைக்கு நடுவே திரை அப்படியே உறையும், ஒரு நிமிடம் கழித்துத் தானாக விடும். சில நாள் நீலத்திரை. பழைய விண்டோஸ் 10 தானே, பார்மட் போட்டால் சரியாகிவிடும் என்று போட்டேன். நான்கு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் அதே கதை. மறுபடி பார்மட். அதுவும் தோற்ற பிறகுதான் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து பார்க்கத் தோன்றியது. கெட்ட செக்டர் (தரவு பதியும் சிறு பகுதி) ஒன்றுகூட இல்லை. ஆனால் சி7 என்ற வரியில் சிஆர்சி பிழைகளின் கணக்கு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகிற வழியில் தரவு சிதைகிறது என்று அதற்குப் பொருள். சாட்டா கேபிளை மாற்றினேன், உறைவது நின்றது. இரண்டு பார்மட்டும் வீண்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. அதனால் இப்போது பலரும் இரண்டு பிரச்சினையையும் ஒரே கல்லில் அடிக்கப் பார்க்கிறார்கள்: "எப்படியும் 11-க்கு மாறத்தான் வேண்டும், மாறினால் இந்தத் தகராறும் தீர்ந்துவிடாதா?" தகராறு விண்டோஸில் இருந்தால் தீரலாம். கருவியில், அதாவது டிஸ்க், ராம் போன்ற பாகங்களில் இருந்தால் தீராது. சில வேளை அந்த மாற்றமே கணினியைப் படுக்க வைத்துவிடும்.

மேலேயே ஏற்றுவது

இருக்கிற விண்டோஸின் மேலேயே 11-ஐ ஏற்றினால் செயலிகள், கோப்புகள், அமைப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். நலமாக ஓடும் கணினிக்கு இதைவிடச் சுகமான வழி கிடையாது.

நோயாளிக் கணினிக்கு இதுதான் ஆபத்தான வழி. நிறுவி பல ஜிபி கோப்புகளை விரிக்கும், எழுதும், பழையதை நகர்த்தும், நடுநடுவே ரீஸ்டார்ட் ஆகும். அந்தக் கணினி இதுவரை செய்யாத கடும் வேலையை அன்றைக்குச் செய்கிறது. தளர்ந்த டிஸ்க் கைவிடுவதென்றால் அன்றைக்குத்தான் கைவிடும். ராம் கெட்டிருந்தால் இன்னும் மோசம். கோப்பு ராம் வழியாகப் போகும்போது ஒரு பிட் மாறி, மாறிய வடிவத்திலேயே டிஸ்க்கில் பதியலாம். நிறுவல் முடிந்ததாகச் செய்தியும் வந்துவிடும். பிறகு காரணம் தெரியாத கோளாறுகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. 10 நாள் திரும்பும் வசதிக்கான பழைய விண்டோஸ் கோப்புறை இருப்பதும் அதே டிஸ்க்கில்தான்.

துடைத்துப் போடுவது

டிஸ்க்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் குப்பை எல்லாம் போய்விடும். பழைய டிரைவர், பாதி நீக்கிய ஆன்டிவைரஸ், எப்போதோ கெட்ட அமைப்பு எதுவும் மிஞ்சாது. அதற்குப் பிறகும் உறைந்தால் குற்றம் கருவியில் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் இது விலை மிகுந்த சோதனை. தரவு போகும், கூடவே தடயமும் போகும், ஏனென்றால் பிழைப் பதிவுகள் இருப்பதும் அந்த விண்டோஸுக்குள்தான். நான் ஏமாந்த அந்த நான்கு நாளையும் மறந்துவிடக் கூடாது. புதிதாகப் போட்ட விண்டோஸில் சுமை குறைவு, கோப்புகள் டிஸ்க்கில் வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கும். அதனால் கோளாறு கொஞ்ச நாள் தலைமறைவாகும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். நாளை மதர்போர்டு போய் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. அதை முதல் நாளே எடுத்து வேறு இடத்தில் எழுதி வையுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே பழுதுபார்க்கும் வழி ஒன்று உண்டு. டிஸம் கட்டளை விண்டோஸின் மூலக்கோப்புக் களஞ்சியத்தைச் சரிசெய்யும். எஸ்எஃப்சி கட்டளை அந்தக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு அமைப்புக் கோப்புகளைத் திருத்தும். ஆகவே டிஸம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. அப்டேட் ஏறவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை போன்ற தொல்லைகளுக்கு இது நல்ல மருந்து. பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டு காட்டும் திரை) இருக்கும்போதே கணினி அணைந்துபோனால் இதை எல்லாம் தொடவே வேண்டாம். அங்கே விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

யூஎஸ்பியில் லினக்ஸ்

என் ஓட்டு இதற்குத்தான். லினக்ஸ் விண்டோஸுக்கு மாற்றான இன்னொரு இயங்குதளம். அதன் வகைகளான உபுண்டு அல்லது மின்ட்டை ஒரு யூஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் அப்படியே பூட் செய்யலாம். டிஸ்க்கில் எதுவும் எழுதாது. விண்டோஸும் அதன் டிரைவர்களும் ஆட்டத்தில் இல்லை. அரை நாள் வீடியோ ஓட்டுங்கள், பெரிய கோப்புகளைத் திறந்து பாருங்கள். இங்கேயும் உறைந்தாலோ திடீரென அணைந்தாலோ, புது விண்டோஸ் போடுகிற யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு ராம், சூடு, மின்சாரம், மதர்போர்டு என்று தேட வேண்டியதுதான். சாகப்போகிற டிஸ்க் லினக்ஸையும் சில நேரம் இழுத்துப் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் கணினியை அணைத்து, டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. லினக்ஸ் அமைதியாக ஓடியதால் ராம் நல்லது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. கெட்ட ஒரு மூலையை அது தொடாமலே இருந்திருக்கலாம். ஆனால் இதே யூஎஸ்பி இன்னொரு பெரிய உதவி செய்கிறது: விண்டோஸ் எழவே மறுக்கும் கணினியிலிருந்தும் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்குக்கு அள்ளிவிடலாம். அடுத்த எந்தச் சோதனைக்கும் முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

டிஸ்க்கைச் சோதிப்பதில் ஒரு தகராறு

யாரைக் கேட்டாலும் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை ஓட்டு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். முழுச் சோதனையாக அதை ஓட்டினால் ஒவ்வொரு செக்டராகப் படித்துப் பார்க்கும், கோப்பு முறைமையை (எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கு) திருத்தி டிஸ்க்கில் எழுதவும் செய்யும். நல்ல டிஸ்க்கில் கோப்பு முறைமை மட்டும் கலைந்திருந்தால் பலன் உண்டு. சாகும் டிஸ்க்குக்கு, மூச்சு வாங்கும் ஆளை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி இதற்கு நேர்மாறு. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும், அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசியில்தான் தொடும். எது முடிந்தது என்று ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்திவிட்டும் தொடரலாம். அசல் டிஸ்க்கில் ஒன்றும் எழுதாது. தரவு முக்கியம் என்றால் டிடிரெஸ்க்யூவில் நகல் எடுத்த பிறகே செக்டிஸ்க், அதுவும் நகலின் மேல்.

செக்டிஸ்க்கா டிடிரெஸ்க்யூவா என்று முடிவு செய்யப் பெரும்பாலும் ஸ்மார்ட் விவரங்களே போதும். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி காட்டும், லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை. மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களை 05 என்ற வரி சொல்லும். சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 திருத்தவே முடியாதவை. இந்த மூன்றில் எண் ஏறிக்கொண்டே போனால் வேறு டிஸ்க் தேடுங்கள். மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) இந்த வரிகள் இருக்காது. அங்கே மீதமுள்ள மாற்று இடம், தேய்மான சதவீதம், மீடியா பிழைகள் மூன்றையும் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்காவது டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

ராமுக்கு விண்டோஸுடனேயே வரும் சோதனை ஒன்று உண்டு, தனியாக பூட் செய்து ஓட்டும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸும் உண்டு. முதலாவது சீக்கிரம் முடியும், வெளிப்படையான பழுதைப் பிடிக்கும். இரண்டாவதை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், "பரவாயில்லை" என்ற பேச்சே இல்லை. ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகும் வந்தால் ஒவ்வொரு குச்சியாகக் கழற்றிச் சோதியுங்கள்.

விண்டோஸின் பிழைப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்ற வரி தெரிந்ததும் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். முறையாக மூடாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. ஏன் நின்றது என்று அதற்கே தெரியாது.

சூடுதான் காரணமா என்பது உள்ளே தூசி தட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கடிகாரம் அடிக்கடி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பயாஸ் அமைப்புகளும் அழிந்து, டிஸ்க் இருந்தும் விண்டோஸ் எழாத நாடகம் நடக்கும். இதையும் விண்டோஸ் கெட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, எதை எடுப்பது?

சோதனை எல்லாம் சுத்தமாகத் தேறினால் மேலேயே ஏற்றுங்கள், பயம் வேண்டாம். டிஸ்க் மட்டும் சந்தேகம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது புது எஸ்எஸ்டி, அதில் புது நிறுவல். பழைய டிஸ்க்கைத் துடைக்காமல் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். ஏதாவது கோப்பு விட்டுப்போயிருந்தால் அது அங்கே இருக்கும், திரும்பும் வழியும் 10 நாளோடு முடியாது. ராமோ பவர் சப்ளையோ குற்றவாளி என்றால் அதை மாற்றும் வரை எந்த நிறுவலும் வேண்டாம்.

விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழுப்பும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் கேட்கிறது. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. டிபிஎம் வசதிக்காகச் சிலர் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யப் போகிறார்கள். திடீர் திடீரென அணையும் கணினியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே எழாமல் போகலாம். பட்டியலில் இல்லாத பழைய கணினி, ஆனால் சோதனையில் தேறியது என்றால் அவசரமே இல்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டால் விண்டோஸ் 10-ஐ 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். சோதனைக்கு ஓட்டிய அந்த லினக்ஸையே நிறுவிக்கொண்டாலும் நான் தடுக்க மாட்டேன்.

எங்கள் கணினியில் கடைசியில் மேலேயேதான் ஏற்றினேன். சி7 கணக்கு குறையாது, ஏறாமல் இருந்தால் போதும். மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன். கேபிள் மாற்றிய அன்று இருந்த எண்ணிலேயே நிற்கிறது.