பின்சில்லும் ஒரு ஸ்பிளிற் பின்னும்: ரயரை வீட்டில் மாற்றுவதா, கடையில் கொடுப்பதா?

மல்லாவியில் இருக்கும் நண்பர் ஒருவர் தனது பிளட்டினா மோட்டார் சைக்கிளுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் புது ரயர் வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றை வீட்டிலேயே மாற்றலாமா அல்லது கடையில் கொடுத்து மாற்றுவிக்கலாமா என்று கேட்டிருந்தார். என்னுடையதும் அதே வண்டிதான். ரயர் அளவு முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17, இரண்டுக்கும் உள்ளே ரியூப். இரண்டு வழிகளிலும் பல வருடங்களாக ரயர் மாற்றிப் பார்த்திருப்பதால் தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்ல மனம் வரவில்லை. ரியூப் இல்லாத ரயர் பூட்டிய வண்டிக்காரருக்கு இதில் பாதி பொருந்தாது.

நான் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பிரதான வீதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை விட்டு உள்ளே திரும்பினால், முத்தையன்கட்டுப் பக்கம் போனாலும் சரி, வயல் பக்கம் போனாலும் சரி, கிறவல்தான். காலபோகம் தொடங்கினால் பசளைப் பையும், அறுவடை முடிந்தால் நெல்லு மூட்டையும் பின் இருக்கையில் ஏறும். அந்தப் பாரத்தோடு கிறவலில் ஓடும் பின் ரயர், கொழும்பில் ஓடும் அதே ரயரைவிட வெகு சீக்கிரம் தேயும். முள், கூரையாணி, முட்கம்பித் துண்டு என்று ரியூபைப் பதம் பார்ப்பவையும் இங்கே குறைவில்லை. ஆகவே சில்லைக் கழற்றுவதும் பூட்டுவதும் எங்களுக்கு வருடத்தில் ஒருமுறை வரும் வேலையல்ல.

வீட்டில் செய்யத் தொடங்கியது 2022 இல். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம், ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. காற்றுப் போன சில்லைக் கழற்றி, இன்னொருவருடைய வண்டியில் வைத்து, அவருடைய பங்கு பெற்றோலில் ரயர் கடைக்குப் போய்வருவது நியாயமாகப் படவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அவர்களில் ஒருவரான எனது பெரியப்பா, கழற்றத் தெரியாதவன் வண்டி வைத்திருக்கக்கூடாது என்று எண்ணுபவர். ரயர் லீவர் பிடிக்கும் முறையை அவரிடம்தான் படித்தேன்.

வேலையில் கடினமானது ரயரைக் கழற்றுவது அல்ல, ரியூபைக் கடிக்காமல் புது ரயரை ஏற்றுவது. ரிம்மின் நடுவில் சுற்றிவரப் பள்ளமான ஒரு வாய்க்கால் இருக்கிறது. ரயரின் விளிம்புக்குள் இருப்பது இழுபடாத கம்பி. அந்த விளிம்பை ஒரு பக்கத்தில் லீவரால் கிளப்பும்போது எதிர்ப்பக்கத்து விளிம்பு அந்த வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தால் மட்டுமே இந்தப் பக்கத்தில் இடம் கிடைக்கும். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அமத்தி வைத்திருப்பவருக்குச் சிறிய லீவர் இரண்டு போதும். அமத்தாதவர் எவ்வளவு பெரிய கம்பியை வைத்து மிண்டினாலும் ரிம்தான் காயப்படும்.

ரியூபை உள்ளே வைக்கும் முன் ரயரின் உட்புறம் முழுவதும் பவுடர் தூவவேண்டும். குழந்தைகளுக்குப் பூசும் சாதாரண பவுடரே காணும். ரியூபுக்கு அதன் வட்டம் நிற்கும் அளவு மட்டும் கொஞ்சம் காற்று அடித்தால் அது மடியாது, லீவரின் நுனியும் அதைப் பிடிக்காது. வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்விடத்தில் முடிக்கவேண்டும். முடியும் தறுவாயில் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, ரயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரியூப் சிக்கவில்லை என்று உறுதிசெய்யவேண்டும். கடைசி ஒரு சாண் தூரம்தான் எல்லா ரியூபும் கிழியும் இடம். அங்கே லீவரைக் கீழே போட்டுவிட்டு, சவுக்காரத் தண்ணீர் தடவி, இரண்டு உள்ளங்கைகளாலும் தள்ளி ஏற்றவேண்டும். ரயரின் பக்கச் சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வின் அடி நட்டை ரிம்மோடு ஒட்ட இறுக்காமல் கொஞ்சம் விலக்கி விடுவது என் வழக்கம். ரயரோடு ரியூப் நகர்ந்தால் வால்வு சரிந்து நிற்பது வெளியே தெரியும், அது கிழியும் முன் கவனித்துவிடலாம். இறுக்கிவிட்டால் அந்த எச்சரிக்கை கிடைக்காது.

இவ்வளவையும் ஒரு வேப்பமர நிழலில் சாக்கு விரித்து, அவசரமில்லாமல் செய்வதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி உண்டு. சில்லு கையில் இருக்கும்போது பிரேக் சூவின் தேய்வைப் பார்க்கலாம், உள்ளே படிந்த தூளைத் துடைக்கலாம், போல் பெயாரிங்கை விரலால் சுழற்றி அது கரகரக்கிறதா என்று பார்க்கலாம், அச்சுக்குக் கிறீஸ் பூசலாம். பழைய ரயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தால், எந்த முள் எந்த இடத்தில் ஏறியது என்று தெரியும். கடையில் அடுத்த வண்டி காத்து நிற்கும்போது இதை யாரும் செய்யமாட்டார்கள், செய்யவும் முடியாது.

வீட்டு வேலையின் சிரமத்தையும் சொல்லவேண்டும். புது ரயரின் விளிம்பு ரிம்மில் சரியாகக் குந்தவேண்டும். ரிம்முக்குச் சற்று மேலே, பக்கச் சுவரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிவர ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் ரயர் குந்திவிட்டது என்று பொருள். கடையின் கொம்பிறசர் இதை ஒரு சத்தத்தோடு முடித்துவிடும். கால் பம்மில் அடிக்கும்போது ஒரு பக்கம் எழும்பும், மறு பக்கம் எழும்பாது. காற்றை இறக்கி, சவுக்காரத் தண்ணீர் தடவி, சில்லை நிலத்தில் மெதுவாகக் குத்தி, மறுபடியும் அடிக்கவேண்டும். காண்டாவன வெயிலில் இது உடம்பை முறிக்கும் வேலை. குந்தாமல் விட்டு ஓடினால் வண்டி ஒவ்வொரு சுற்றுக்கும் எழும்பி எழும்பி விழும்.

கடைக்காரரின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. நான் வழமையாகப் போன ரயர் கடையில் இருப்பவர் பழைய ரயரின் மீது ஏறி நின்று குதிக்காலால் ஒரு அமத்து அமத்தினால் விளிம்பு விட்டுவிடும். நான் வியர்த்து விறுவிறுத்து முடிக்கும் வேலை அவருக்குச் சில நிமிடம். அவர் சூடு வைத்து ஒட்டும் ஒட்டு, நான் பசை பூசி ஒட்டுவதைவிட நெடுநாள் நிற்கிறது. அவர் கையில் என் ரியூப் ஒருபோதும் கடிபட்டதில்லை. கூலியோ சில நூறு ரூபாய்தான். லீவர், பம், பவுடர், செலவழியும் ஒரு பகல் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் வீட்டில் செய்வதால் காசு மிச்சம் என்று யாரும் சொல்லமுடியாது. மழை கொட்டிய ஒரு மாரி இரவில், பூட்டிய கடையை எனக்காகத் திறந்து ஒட்டித் தந்தவரும் அவர்தான்.

என் கோபம் ரயரைப் பற்றியதல்ல. ரயரை மாற்றிய பின் சில்லைத் திரும்பப் பூட்டும் முறையைப் பற்றியது. அதிலும் ஒரேயொரு பொருளைப் பற்றியது. எங்கள் வண்டியின் பின் பிரேக், டிரம் பிரேக். பிரேக் சூக்கள் பொருத்தியிருக்கும் தட்டை, சில்லைத் தாங்கும் பின் சட்டத்தோடு பிணைக்கும் கட்டையான கம்பி ஒன்று வலது பக்கத்தில் இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது சூக்கள் சுழலும் டிரம்மைப் பிடிக்கின்றன. அப்போது அந்தத் தட்டும் சில்லோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். சுழலவிடாமல் இழுத்துப் பிடிப்பது அந்தக் கம்பி மட்டுமே. கம்பியின் முனையில் ஒரு போல்ற், அதில் ஒரு நட். அந்த நட் கழன்று விழாமல், போல்ற்றின் துளையில் செருகி இரண்டு காலையும் விரித்து வளைத்துவிடும் சிறிய ஊசிதான் ஸ்பிளிற் பின். பின் இல்லை, நட் அதிர்ந்து கழன்றது, கம்பி விழுந்தது என்றால், அடுத்த முறை பிரேக் பிடிக்கும்போது தட்டு சில்லோடு சுழன்று, மிதியிலிருந்து வரும் பிரேக் கம்பியை வளைத்து இழுத்து, பின்சில்லை அப்படியே இறுக்கிவிடும். பசளை மூட்டையோடும் பின்னால் பிள்ளையோடும் போகும் வண்டிக்கு அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

இந்தப் பின்னின் விலை ஒரு பிளேன்ரீயின் விலைகூட இல்லை. இருந்தும் நான் போன கடைகளில், ஒன்றில் மட்டுமல்ல, பலவற்றில், பின்சில்லைக் கழற்றும்போது பழைய பின்னை நிமிர்த்தி இழுத்து மண்ணில் எறிகிறார்கள். புதியது போடுவதில்லை. நட்டை ஸ்பனரால் ஒரு இறுக்கு இறுக்கி, சாவியைத் தந்துவிடுகிறார்கள். தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த இறுக்கு சில மாதம் தாங்கலாம். கிறவலின் குலுக்கலில் தாங்காது. எனது வண்டியில் தாங்கவில்லை. ரயர் மாற்றிய கொஞ்ச நாளில், குளத்துப் பக்கமிருந்து வீட்டுக்கு வரும் வழியில், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிறுத்திக் குனிந்து பார்த்தபோது அந்த நட் போல்ற்றின் கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. துளை வெறுமையாக இருந்தது. துளையின் விளிம்பில் செம்மண் தூசி படிந்திருந்ததால், ஸ்பிளிற் பின் வழியில் விழவில்லை, கடையிலேயே போடப்படவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் கடைக்குப் போய்க் காட்டினேன். பூட்டிய பெடியன், "அது இல்லாட்டியும் ஓடும் அண்ணை, நட் இறுக்கித்தானே விட்டனான்," என்றான். முதலாளி அவனைப் பேசிவிட்டு, உடனே ஒரு பின்னை எடுத்துத் தானே போட்டார், காசும் வாங்கவில்லை. நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த முறை போனபோதும் பழைய பின் மண்ணில்தான் கிடந்தது, நான் கேட்ட பிறகுதான் புதியது வந்தது. கேட்கத் தெரிந்த எனக்குக் கிடைக்கிறது. கேட்கத் தெரியாமல், புது ரயர் போட்ட நிம்மதியோடு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் அக்காவுக்குக் கிடைப்பதில்லை. ரயர் மாற்றுவதில் இவ்வளவு திறமை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் ஏன் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைகளில் ஒரு தகர டப்பாவில் இந்தப் பின்கள் கிடக்கின்றன. கையை நீட்டி எடுக்கவேண்டியதுதான் பாக்கி.

செயின் விடயமும் இதைச் சேர்ந்ததுதான், ஆனால் அதில் என் கோபம் குறைவு. சில்லைப் பூட்டிய பின் இரண்டு பக்கத்து அடையாளக் கோடுகளும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும், செயினின் தொய்வு 25 மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். கடைகளில் இதைக் கண்மட்டத்தில்தான் பார்க்கிறார்கள். சில வேளை சரியாக இருக்கும், இல்லாவிட்டால் வீட்டில் திருத்திக்கொள்ளலாம்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. வேகம், கூலி, ரியூபின் பாதுகாப்பு, ரயர் ரிம்மில் சரியாகக் குந்துவது என எதை எடுத்தாலும் கடைதான் மேல். முன் ரயரைக்கூட நீங்கள் வீட்டில் மாற்றவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நான் எனது பின்சில்லை இனி எந்தக் கடையிலும் பூட்ட விடப்போவதில்லை. கால் பம்மோடு எவ்வளவு பாடுபட்டாலும் அதை நானேதான் செய்வேன். அந்த நட்டுக்குள் பின் வளைந்திருப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கும்போது இருக்கும் மன ஆறுதலுக்குக் கூலிக் கணக்கு ஈடாகாது. நெடுங்கேணிப் பக்கமிருந்து மாலைக் கருக்கலில் வரும்போது காற்றுப் போனாலும், யானை கடக்கும் அந்த வீதியில் பிறர் உதவிக்குக் காத்து நிற்காமல் சில்லைக் கழற்றிப் பூட்ட என் கைக்குத் தெரியும் என்பது இன்னொரு காரணம்.

நீங்கள் கடைக்கே கொடுப்பதானால், வாங்கி வைத்திருக்கும் ரயர்களின் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தை இப்போதே பாருங்கள். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். 1019 என்று இருந்தால் அது 2019 இன் பத்தாம் கிழமையில் செய்த ரயர், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்த பின் காற்றைத் தனி ஆளுக்கு முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்கு 28 என்றும், பின்னால் ஆள் ஏறினால் பின்னுக்கு 32 என்றும் வைக்கச் சொல்லுங்கள். சில கடைகளில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவாக 40 வரை அடித்துவிடுகிறார்கள், கிறவலில் அது வண்டியைத் துள்ள வைக்கும். போகும்போது சட்டைப் பையில் அளவான புது ஸ்பிளிற் பின் இரண்டு கொண்டுபோங்கள், பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அது கழுத்தில் முறியும். சாவியை வாங்கும் முன் வண்டியின் வலது பக்கம் குனிந்து அந்தத் துளையைப் பாருங்கள், வெறுமையாக இருந்தால் ஒன்றை எடுத்துக் கொடுத்து, உங்கள் முன்னாலேயே போட்டு வளைக்கச் சொல்லுங்கள்.